பற்பசை பூசிய சுவர்

எதிர்வீட்டு வாசலில் நின்று வீட்டு ஓனர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார். "வாடகை தள்ளிப்போச்சுல்ல? சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணு!" இதே பேச்சைக் காலையில் வாங்கிக்கட்டிக்கொண்டவள், அவருக்கே சொந்தமான தன் வாடகை வீட்டுச் சுவரின் ஆணி ஓட்டைகளைப் பற்பசையால் அடைத்தபடியே காதைத் தீட்டிக்கொள்கிறாள். அட்வான்ஸில் பிடித்துவிடுவாரே என்ற பயம். கட்டிவைத்த மூட்டைகளின் மேல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. எதிர்வீட்டுத் தையல்காரியும் அழட்டும், அவளும் மூட்டை கட்டட்டும் என்று மனசு வேண்டிக்கொள்கிறது. தையல்காரியோ மெஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. உதட்டில் கவ்விய குண்டூசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, தலை நிமிராமலே சொல்கிறாள்: "வாடகை தந்துடுறேன் சார். காலி பண்ணணும்னா காரணத்தையும் கெடுவையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாயால சொன்னா போகமாட்டேன்."

பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வயிறு எரிகிறது. அந்த நாலு வார்த்தை காலையில் தன் வாயில் வந்திருக்கக் கூடாதா? தானோ அழுதாள், "சரிங்க சார்" என்றாள், போதாக்குறைக்குச் சுவரையும் பூசிக்கொண்டிருக்கிறாள். ஓனர் இந்தப் பக்கம் திரும்பி, "நீயாவது சொன்ன பேச்சு கேக்குறவ. சாவி எங்கம்மா?" என்கிறார். அவள் சுத்தியலை எடுக்கிறாள். பற்பசை காயாத ஓட்டையிலேயே ஆணியை வைத்து, தையல் மெஷின் சத்தம் அமுங்கும்படி ஓங்கி அடிக்கிறாள்.

"முதல்ல எனக்கு எழுதிக் குடுங்க சார். அப்புறந்தான் அவளுக்கு."