மொட்டை மாடிப் பூண்டு

கூடையில் பூண்டு குறைந்துகொண்டே வந்தது. எடுப்பவள் மருமகள் ஷிரின்தான் என்பதில் ஷர்புன்னிசாவுக்குத் துளியும் ஐயமில்லை.

கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அடுப்பைத் தணித்துவிட்டு, நல்ல பருத்த பூண்டாகப் பொறுக்கித் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டு, ஓசைப்படாமல் மாடிப்படி ஏறினாள் ஷிரின்.

மாடிக்குப் பின்புறம் சந்து. சந்தைத் தாண்டினால் ஷிரினின் தாய்வீடு. அவளுடைய தம்பி நிஷாத் நாள் முழுதும் பைக்கில் போய்வருவது அந்தச் சந்து வழியாகத்தான். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

கேட்டிருந்தால் ஒரு பை நிறையவே கொடுத்திருப்பாள். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டில் பூண்டுக்கா பஞ்சம்? கேளாமல் எடுத்ததுதான் மனத்தை அறுத்தது.

மகன் ரபீக்கிடம் சொன்னாள். பூண்டுதானே, விடுங்கள் என்று சொல்லிவிட்டு அவன் கடைக்குக் கிளம்பினான்.

"இன்னிக்குப் பூண்டு. நாளைக்கு இன்னாவோ?" என்றாள் அவன் முதுகைப் பார்த்து.

கணவர் ஷேக் மைதீனிடம் இதைக் கொண்டுபோக அவளுக்கு மனமில்லை. நெஞ்சுவலி வந்து பிழைத்தெழுந்து, கடையை மகனிடம் ஒப்படைத்த மனிதர். அதன்பின் நாற்காலியே கதியென்று கிடந்தார். தொட்டதெல்லாம் துலங்கிய கைராசி தன்னை விட்டுப் போய்விட்டதென்று புலம்புவார், மற்றபடி பேச்சில்லை.

அவரை நாற்காலியை விட்டு எழுப்பியதே பூண்டுதான். கல்வராயன் மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவந்து அவர் கடையில் போடுகிற வெள்ளையன் நலம் விசாரிக்க வந்தபோது, தன் வீட்டுக்கென்று விளைவித்த பூண்டில் கொஞ்சம் கொடுத்தான். சமைத்துச் சாப்பிடச் சொன்னான். குளிரில் வருகிற பயிர், கீழே விளையாது என்றும் சொல்லிவைத்தான்.

சொன்னதற்காகவே ஷேக் மைதீன் அதைப் பல் பல்லாகப் பிரித்து, மாடியில் மண் நிரப்பிய சாக்குகளில் ஊன்றினார்.

"இது வெளஞ்சா என் கைராசி எங்கியும் போவலன்னு அர்த்தம். வெளையலன்னா இனிமே எதையும் தொடமாட்டேன்" என்று வீட்டாரை நிறுத்திவைத்துச் சொன்னார்.

பச்சைத் தாள் எழும்பியது. அதைக் கிள்ளி முட்டையில் போட்டுப் பொரித்துத் தரச் சொல்லி விரும்பித் தின்றார். நடை திரும்பியது, சிரிப்பும் திரும்பியது. தாள் மஞ்சளாகிக் காய்ந்து உதிர்ந்ததும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தோண்டுவதென்று நாள் குறித்தார்.

ஷர்புன்னிசாவும் அதே நாளைக் குறித்துக்கொண்டாள். ஒரு சங்கதி கேட்க வேண்டும், வந்துபோங்கள் என்று ஷிரினின் தாயைப் போனில் அழைத்தாள். எல்லாரும் கூடியிருக்கும்போது நேருக்கு நேராகக் கேட்டுவிடுவதென்று முடிவு.

வெள்ளிக்கிழமை அனைவரும் மாடியில் கூடினார்கள். ஷேக் மைதீன் சாக்கில் கைவிட்டார். வந்தது பூண்டு. முழுப் பூண்டு. அடுத்த சாக்கிலும் அப்படியே. மனிதர் ஆச்சரியத்தில் வாய் பிளந்தார். பிறகு பக்கத்து மாடிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளையனுக்குப் போன் போட்டு, கீழே வராதென்று சொன்னாயே என்று சண்டைக்கே போனார்.

போட்டோ அனுப்பச் சொன்னான் வெள்ளையன். கேமரா ரிப்பேர் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஷர்புன்னிசா ஒரு பூண்டை எடுத்து மண்ணைத் துடைத்தாள். அடியில் வேர் இல்லை. கத்தியால் சீவிய தடம். வெள்ளையன் தந்த மலைப்பூண்டு சிறுத்துச் சிவந்திருக்கும். இதுவோ வெள்ளை வெளேரென்று பருத்திருந்தது. அவள் கூடையில் தினமும் பார்க்கிற பூண்டு.

நிமிர்ந்தாள். ஷிரினின் கண்கள் அவளைக் கெஞ்சின.

"என்னவோ கேக்கணும்னு வரச் சொன்னீங்களே, சம்பந்தி?" என்றாள் ஷிரினின் தாய்.

ஷர்புன்னிசா அந்தப் பூண்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "பூண்டுக் கொழம்புக்குப் புளி தூக்கலா வெக்கலாமா, கம்மியாவான்னு கேக்கத்தான்" என்றாள்.

சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டே ஷிரின் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சாக்கக் கிண்டிப் பாத்தேன் மாமி. மொச்சக்கொட்ட அளவுகூட வெக்கல. மாமா மறுபடியும் நாற்காலில போய் உக்காந்துக்குவாரேன்னு பயமா இருந்துச்சு. உங்க கிட்ட சொல்லியிருக்கணும்."

"நான்தான் ஒன்னக் கேட்டிருக்கணும்" என்றாள் ஷர்புன்னிசா. எதை என்று விளக்கவில்லை.

நல்லெண்ணெய் மிதக்கக் குழம்பு இறங்கியது. ஷேக் மைதீன் பல் பல்லாகத் தேடித் தின்று, இரண்டாந்தரமும் சோறு வாங்கினார். ஒவ்வொரு கவளத்துக்கும் தம் பயிரைத் தாமே மெச்சிக்கொண்டார். ஷிரினின் முகம் விளக்கேற்றியதுபோல் இருந்தது.

சம்பந்தி விடைபெற்றுப் போனபின், கணவருக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துவந்த ஷர்புன்னிசா, மருமகளின் இரகசியம் தன்னால் கெட்டுவிடக் கூடாதென்று தானும் ஒரு வார்த்தை சேர்த்தாள்.

"உங்க கைராசி எங்கியும் போவலைங்க."

ஷேக் மைதீன் அடுப்பங்கரைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஆயுசு பூரா பூண்டு வித்தவனுக்கு நம்ம கடச் சரக்கு தெரியாதா? அந்தப் புள்ள மனசு நோவக் கூடாதுன்னுதான் அவ்ளோ ஆச்சரியப்பட்டுக்கினு இருந்தேன். நீ பாட்டுக்கு ஒளறிடாத."