மாமா அளந்த அருவி

"இன்னும் பத்தே நிமிஷம்" என்று நான் நாலாவது முறையாகச் சொல்கிறேன். மகன் சிந்த்ரே பையைச் சுமந்தபடி பின்னால் சிரிக்கிறான். அவன் மனைவி பிர்கிட்டே டென்மார்க்காரி. அவள் ஊரில் மாடு படுத்திருந்தால் அதுதான் மலை. எங்கள் நார்வே அருவி தேவாலயக் கோபுரத்தைவிட உயரம், அதன் சத்தத்துக்குக் கரடிகளே காதைப் பொத்திக்கொள்ளும் என்று மூன்று வருடமாக அவளிடம் அளந்திருக்கிறேன். இந்தக் கோடையிலோ சொட்டு மழை இல்லை. என் மானம் இன்று தண்ணீர் கையில்.

பாசி படர்ந்த பாறையைச் சுற்றித் திரும்புகிறோம். இடுக்கிலிருந்து நூல் போலத் தண்ணீர், வெயிலில் மினுங்கிக்கொண்டு இறங்குகிறது. அதில் குளிக்க வந்த குருவிக்கு ஒரு சிறகுதான் நனைகிறது. "இதுதானா மாமா?" என்கிறாள் பிர்கிட்டே. "நேத்து வரைக்கும் கொட்டிக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு." என் மனைவி குன்வோர் காபிக் குடுவையைத் திருகியபடி, "நேத்து முழுக்க நீங்க படகுக் கொட்டகைக்குப் பெயின்ட் அடிச்சீங்க" என்கிறாள்.

பிர்கிட்டே, வந்துபோகிறவர்கள் எழுதிவைக்கும் நோட்டை மரத்தில் அறைந்த தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதுகிறாள். மெல்ல எட்டிப் பார்க்கிறேன். 'பயங்கர வெள்ளம். மாமனாரை அடித்துக்கொண்டு போய்விட்டது. காலைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினோம்.'

"ஒரு பூட்ஸ் போயிடுச்சுன்னும் சேத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, குனிந்து இடது கால் பூட்ஸ் நாடாவை அவிழ்க்கிறேன்.