தட்டில் விழுந்த ரேக்கு

அன்று மேசையில் இருந்தவர்கள்: வெந்தயம் ஊறிய கொழகொழத் தண்ணீருடன் ஒரு தட்டு, அதில் அலை அலையாக மிதந்த நீலச் சாயம், ஒரு வெள்ளைத் தாள், தட்டைத் துடைக்கும் பழைய செய்தித்தாள் ஒன்று, தாளைவிட மெல்லிய தகடுகளாக ஒன்பது தங்க ரேக்குகள்.

தாள் சாயத்தின்மேல் படுத்து எழுந்தால் அலைகள் அதில் ஏறிவிடும். காய்ந்த பிறகு ஓரத்தில் பசை தடவி ரேக்கை ஒட்டுவது வழக்கம்.

"சாயத்தோடு கலப்பது நம்ம குடும்பத்திலேயே கிடையாது" என்றபடி, ஒரு ரேக்கு தண்ணீரில் தன் முகம் பார்க்கக் குனிந்தது. மூச்சுக்கே பறக்கும் உடம்பு. தட்டில் விழுந்து நான்காகக் கிழிந்தது.

செய்தித்தாள் எழுந்தது. "குப்பை விழுந்திருக்கு. துடைக்கணும்."

"யோவ், நான் தங்கம்!"

"தண்ணியில விழுந்தா எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"பொறுங்கண்ணே" என்றது தாள். "நான் ஒரு தடவை படுத்துப் பார்க்கிறேன்."

"தாறுமாறா ஒட்டும். உன்னையும் சேர்த்துக் கழிச்சிடுவாங்க."

"பரவாயில்லை."

"ஓரத்துல வைப்பியா?" என்று ரேக்கு அப்போதும் கேட்டது.

"நீ கிடக்கிற இடத்துலதான்."

தாள் ஒரு மூலையிலிருந்து மெல்லப் படுத்து, எட்டு எண்ணி எழுந்தது. நீல அலைகளின் நட்டநடுவே நான்கு துண்டுகளும் மின்னின.

செய்தித்தாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "நாற்பது தட்டு துடைச்சிருக்கேன். இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை."

"இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடி" என்றது ரேக்கு. ஈரம் சொட்டச் சொட்டத் தாள் நிமிர்ந்து நின்றது.

தட்டின் விளிம்பில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தண்ணீருக்குள் குனிந்தபடி, மீதி எட்டு ரேக்குகள் நின்றன.