கம்பத்தின் மேலிருந்து வந்த சேதி

"அதோ, கழுத்துல ரோஸ் கலர் வளையம் தெரியுதே, அதுதான் ஆண்" என்றார் ஓய்வுபெற்ற லைன்மேன், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி.

"அதை எனக்கே சொல்றீங்களா? வளையம் இல்லாதது பெண். வீட்டுல அதட்டலும் அதோடதுதான்!" சிரித்தாள் ஆபரேட்டரம்மா.

எதிர்த் தோட்டத்தில் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. சாயங்காலம் ஆனதும் மொட்டைக் கிளைகளில் திடீரென்று இலை விட்டதுபோல் பச்சைக்கிளிகள் கூச்சலோடு வந்து இறங்கின.

கீழே லைன்மேனின் மகளும் ஆபரேட்டரம்மாவின் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். 'மாடிக்குப் போங்க, கிளி வர்ற நேரம்' என்று இவர்களை மேலே விரட்டியதே அவர்கள்தான்.

"நமக்கு முன்னாடியே பழக்கம்னு பசங்களுக்குத் தெரியாது இல்ல?"

"நான் மூச்சு விடலை" என்றார்.

அந்தக் காலத்தில் இருவருக்கும் ஒரே தொலைபேசி நிலையம். அவள் ஸ்விட்ச் போர்டில், அவர் கம்பத்தில். பழுது பார்த்து முடித்ததும் கம்பத்தின் உச்சியிலிருந்தே அவளைக் கூப்பிடுவார். "லைன் சரியாயிடுச்சு மேடம்" என்பதோடு நிறுத்தமாட்டார். பக்கத்து மரப் பொந்தின் சேதியும் சேர்ந்தே வரும். "குஞ்சு கண்ணைத் திறந்துடுச்சு மேடம்." "இறக்கையில பச்சை எட்டிப் பார்க்குது மேடம்." ஜன்னலே இல்லாத அந்த அறையில் உட்கார்ந்து, காதாலேயே ஒரு கிளிக் குடும்பத்தை வளர்த்தாள் அவள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம், மாற்றல். அவருக்கும் அப்படியே. இப்போது இரண்டு வீட்டுச் சுவரிலும் மாலை போட்ட படம் ஒன்று.

"நீங்க போனப்புறம் புது ஆபரேட்டர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். 'லைன் கிளியரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க'ன்னுட்டாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

மரத்தில் ஓர் ஆண் கிளி தலையைத் தாழ்த்தித் தாழ்த்திப் பெண்ணை நெருங்கி, சிவந்த அலகால் இரை ஊட்டியது.

"அதுங்க பக்கத்துல தெரியுதே, அந்தப் பொந்து இதுங்க தோண்டினது இல்லை. மரங்கொத்தி விட்டுட்டுப் போனது. கொஞ்சம் பெரிசு பண்ணிக்கிட்டுக் குடித்தனம் நடத்துதுங்க."

"ஏற்கெனவே இருந்தவங்க வாசனை இருக்குமே?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அதை ஏன் விரட்டணும்?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னுதான்..."

"பசங்க ஆசைப்படறாங்க. நாமதான் யோசிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

படியில் காலடிச் சத்தம். அவள் மகன் முதலில் வந்தான். தூங்கும் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி லைன்மேனின் மகள் பின்னால் வந்தாள்.

"என்னம்மா, பேசிட்டீங்களா?" மகன் அவள் காதருகே குனிந்தான். "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா?"

பக்கத்தில் நின்ற லைன்மேனை நிமிர்ந்து பார்க்காமலே அவள் சொன்னாள்: "பிடிச்சிருக்குடா."