மாடியிலிருந்து ஓர் உறுதிமொழி

"காலையில பத்தாயிரம் பேருக்கு நான் உறுதிமொழி சொல்லிக்கொடுத்தேன், மொட்டை மாடியில துணி துவைச்சுக்கிட்டே!" சாப்பாட்டு மேஜையைத் தட்டினார் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர்.

"எதிர் ஸ்கூல்ல இருக்கிறதே முந்நூறு பேர். புளுகாதீங்க மாமா," என்றாள் மருமகள்.

"முழுசாக் கேளும்மா. மைக்ல ஒரு டீச்சர் முதல் வரியோட மறந்துபோய் நின்னுட்டாங்க. பக்கத்துல, ஸ்கூலைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி முறைக்கிறாரு. பாவம், வேலை போயிடுமேன்னு, 'என் நாட்டுக்கு உண்மையா இருப்பேன்'னு இங்கிருந்து கர்ஜிச்சேன். பிள்ளைங்க அப்படியே திருப்பிச் சொல்லிச்சுங்க. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா சோப்பைத் தூக்கிடுச்சு. 'சோப்பைப் போடு, திருட்டுக் காக்கா!'ன்னு கத்தினேன். அதையும் சொல்லிச்சுங்க!"

மகனுக்குப் புரையேறியது. "யாருப்பா அந்த டீச்சர்?"

"தூரத்துல முகம் தெரியலைடா." மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க. மாமா சொன்னது நிஜம். 'ஊர்ப் பெரியவங்களையும் சேர்த்துக்கிட்டீங்களே, நல்ல ஏற்பாடு'ன்னு அதிகாரி என் வேலையை நிரந்தரம் பண்ணிட்டாரு. நெஞ்சுல கை வெச்சு, 'திருட்டுக் காக்கா'ன்னு எல்லாரையும்விடச் சத்தமா சொன்னதும் அவர்தான்!"