வீட்டுக்குப் பாதிப் பேர்

குப்பத்தையே காலி செய்து எல்லாரையும் முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்றது ஒரு கட்சி. ஒருவரையும் தொடக் கூடாது என்றது மற்றது. சண்டை ஓய்ந்து தலைவர்கள் டிவியில் கைகுலுக்கியபோது ஸ்டெல்லா நிம்மதியாகக் கைதட்டினாள்.

இன்று அவள் வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து நின்றார்கள்.

"வீட்டுக்குப் பாதிப் பேர் இருக்கலாம்மா. மீதிப் பேர் வண்டியில ஏறணும்."

"நாங்க மூணு பேருண்ணே!" என்றாள் ஸ்டெல்லா.

"அதையும் பேசி முடிச்சாச்சு. புருஷன் பொண்டாட்டில ஒருத்தர் இங்க, ஒருத்தர் அங்க. பாப்பா ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க."

"இதைக் கேக்க யாருமே இல்லையா?" என்று கத்தினான் அவள் கணவன் அமலன்.

"நாங்க ரெண்டு பேரும் இங்கதானே இருக்கோம்!" என்றான் கட்சிக்காரர்களில் ஒருவன்.

மற்றவன் குனிந்து குழந்தையிடம் கேட்டான். "மொதல்ல எங்க கண்ணு?"

ஸ்டெல்லா குழந்தையின் வாயைப் பொத்தினாள்.