கேப்டனின் முழங்கை

பிற்பகல் வெயில் உயரத்து ஜன்னல்கள் வழியே அரங்கத்துக்குள் சாய்ந்து விழுகிறது. அட்டையில் செய்த விண்வெளித் தலைக்கவசங்களை மடியில் வைத்திருக்கும் முந்நூறு ரசிகர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். மைக் தையல்காரியின் கையில் இருக்கிறது. கடையிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததில் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்ற மறந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன், இவள் யாரோ எவரோ என்பது போல, கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேடையில் 'எரிவெள்ளி' தொலைக்காட்சித் தொடரின் கதாசிரியர் அமர்ந்திருக்கிறார். இருபது வருடங்களுக்கு முன் விண்கப்பலோடு கேப்டனையும் எரித்துக் கொன்றவர் அவர்தான். "கேப்டன் சாகலைங்க" என்கிறாள். பின்வரிசையில் சிரிப்பு கிளம்புகிறது. அவள் குரல் இறங்கவில்லை. "ஒன்பதாவது பாகத்துல அவரு சட்டை முழங்கையில கிழியுது. அவரே உக்காந்து ஒட்டுப் போட்டுக்கிறாரு, கோணல்மாணலா, கறுப்பு நூல்ல. அதுக்கப்புறம் எல்லாப் பாகத்துலயும் அந்த ஒட்டு இருக்கு. கடைசியில எரிஞ்ச ஆளோட சட்டையில மட்டும் இல்ல. எரிஞ்சது வேற யாரோ. நான் தையக்காரிங்க, மூஞ்சிக்கு முன்னாடி தையலைத்தான் பாப்பேன்."

கதாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிறார். "இதை யாராவது கேப்பாங்கன்னு இருபது வருஷமா காத்துக்கிட்டிருக்கேம்மா" என்கிறார். முந்நூறு நாற்காலிகளும் ஒன்றாகக் கிறீச்சிடுகின்றன. அட்டைக் கவசங்கள் வெயிலுக்குள் எகிறிப் பறக்கின்றன. "கேப்டன், கேப்டன்" என்று தரை அதிர்கிறது. அந்த இரைச்சலுக்குள் கணவன் முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி, "எங்க வீட்டுக்காரம்மாதாங்க" என்கிறான். யாரும் கேட்காமலே, இதோடு ஐந்தாவது ஆளிடம் சொல்கிறான்.